பதினோரு நாள் திறந்திருந்த மதகு

பதினான்காம் எண் வடிகால் துளையின் கீழே பிடித்த அளவுக் குவளையில், தண்ணீரோடு ஒரு மீன் செதிலும் வந்து விழுந்தது.

உதவிப் பொறியாளர் குவளையை டார்ச் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தாள். சுண்டுவிரல் நகம் அளவு, வெள்ளி நிறம், ஓரத்தில் மட்டும் லேசான மஞ்சள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நடுவே இருபத்தைந்து அடி கனத்துக்குக் கான்கிரீட் இருந்தது. அதில் ஊறி, மயிரிழைபோன்ற வழிகளில் கசிந்து, சொட்டுச் சொட்டாக வந்து சேரும் தண்ணீர் இது. இதில் மண் வந்தால் அணைக்கு ஆபத்து என்று படித்திருக்கிறாள். மீன் செதில் வந்தால் என்ன என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வரவே முடியாதது அது.

அணையின் வயிற்றுக்குள் ஓடும் அந்தச் சுரங்கப்பாதையை எல்லோரும் கேலரி என்பார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினைந்து அடிக்கு ஒரு விளக்கு. வெளியே உச்சிவெயில் அடித்தாலும் மழை கொட்டினாலும் உள்ளே ஒரே இருட்டு, ஒரே குளிர், ஈரச் சுண்ணாம்பின் ஒரே மணம். ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் இந்த முப்பது துளைகளையும் அளந்துவருகிறாள். தன் வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிவதைவிட இங்கே அவளுக்கு நன்றாகத் தெரியும்.

குவளையைத் தரையோரக் கால்வாயில் கவிழ்த்தாள். பதிவேட்டில் 'நீரின் தன்மை' என்ற கட்டத்தில் 'தெளிவு' என்று எழுதினாள். பொய் எழுதும்போது இப்போதெல்லாம் அவள் கை தயங்குவதில்லை.

பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே தரையில் ஒரு வட்ட இரும்பு மூடி. விரல் நுழையும் அளவுக்கு அதில் துளைகள். நான்கு போல்ட்டுகள். அதன் கீழே காற்றுக்குழி. ஆற்று மதகைத் திறக்கும்போது, குகைபோன்ற அந்தப் பெரிய குழாயில் பாயும் தண்ணீர் மூச்சு வாங்குவதற்காகக் கட்டிய செங்குத்தான குழி அது. பக்கவாட்டில் இரும்பு ஏணிப்படிகள் உண்டு. மூன்று மாதமாக அவள் அந்த மூடியின் மேல் கால் வைப்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கடந்துவிடுவாள்.

இன்றும் அப்படியே கடந்தாள். கடந்த பிறகு, முதுகுக்குப் பின்னால், மூடியின் துளைகள் வழியாக யாரோ நீளமாக மூச்சு விட்டதுபோல ஒரு காற்று வந்து அவள் கழுத்தில் பட்டது. செத்த மீன் வாடை. அதோடு நனைந்த ரோமத்தின் வாடை.

மதகு மூடியிருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மேல் ஷட்டர்கள் வழியாகத்தான் தண்ணீர் போகிறது. காற்று வர வழியில்லை.

மீதித் துளைகளை அளக்காமலே அளவுகளை எழுதிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மதகு ஆபரேட்டர் குடையோடு நின்றிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் மிச்சம். மூட்டு வலியைக் காரணம் காட்டி உள்ளே வருவதை நிறுத்திப் பல நாளாகிவிட்டது.

"கசிவு எப்படி மேடம் இருக்கு?"

"வழக்கம்போலத்தான் அண்ணே."

"வயசாச்சுல்ல. நம்மள மாதிரிதான் மேடம். எங்கெங்கயோ ஒழுகும், வெளிய சொல்லிக்க முடியாது." சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "என்ன மேடம், வெளிறிப் போயிருக்கீங்க?"

"உள்ள காத்தில்ல, அதான்."

அன்று முழுவதும் மழை. அணைக்குக் கீழே ஆறு பழுப்பாக, அகலமாக, இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால், கோடையில் இதே இடத்தில் கூழாங்கற்கள் எலும்புபோல வெளுத்துக் கிடந்தன என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சட்டம் ஒன்று உண்டு. எவ்வளவு வறட்சி வந்தாலும் மதகு வழியாக விநாடிக்கு ஐம்பது கன அடி தண்ணீர் ஆற்றில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது ஆற்றின் பங்கு. கீழே மூன்று ஊர்களின் கிணறுகள் அதில்தான் ஊறுகின்றன. மடுக்களில் மீன்கள், மணல் திட்டுகளில் முட்டையிட வரும் ஆமைகள், நாணல் புதர்களில் நாரைக் கூடுகள், வேர்ப் பொந்துகளில் குட்டி வளர்க்கும் நீர்நாய்கள், எல்லாவற்றுக்கும் உயிர் அந்த ஐம்பதுதான்.

கோடையில் ஒரு மதியம் செயற்பொறியாளர் போன் செய்தார்.

"மதகை மூடிடுங்க. இருக்கிற தண்ணி நகரத்துக்கு வேணும்."

"சார், ஆத்துக்கு விடற தண்ணி..."

"பதிவேட்டுல எப்பவும்போல ஐம்பதுன்னு எழுதிக்கிட்டே வாங்க. நகரத்துல குழாய் நின்னா நம்ம தலை உருளும். ஆத்துல நாலு மீன் செத்தா எவன் வந்து கேக்கப்போறான்?"

கேட்க ஒருவர் இருந்தார். கீழாற்றின் விலங்குகளைக் கணக்கெடுக்கும் ஆற்றுக் காவலர். ஒல்லியான மனிதர். எந்நேரமும் நீர்நாய்களைப் பற்றியே பேசுவதால் அலுவலகத்தில் அவருக்கு 'நீர்நாய் சார்' என்று பெயர் விழுந்திருந்தது. மூடிய மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு அவர் அழைப்பு வரும்.

"மேடம், குட்டி போட்டிருக்கு. நாலு. இன்னும் கண்ணே தொறக்கல. கொஞ்சம் தண்ணி விடுங்க மேடம்."

"விட்டுக்கிட்டுத்தானே சார் இருக்கோம்."

"நான் ஆத்துக்கு நடுவுல நின்னுதான் மேடம் பேசறேன். செருப்புகூட நனையல."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிவரை கோபப்படவே இல்லை.

பதினோரு நாள், பதினோரு தடவை ஐம்பது. எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். பன்னிரண்டாம் நாள் காலை செயற்பொறியாளர் மறுபடி அழைத்தார். ஆய்வுக்குழு வருகிறது, அரை மணி நேரத்தில் அணைமேல் இருப்பார்கள், ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும். ஆபரேட்டர் சாப்பிடப் போயிருந்தார். கட்டுப்பாட்டு அறையில் அவள் மட்டும்.

திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு சைரன் ஊத வேண்டும். ஊதினால், இப்போதுதான் திறக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கேமராத் திரையில் மதகுக் குகையின் வாய் தெரிந்தது. உலர்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஆற்றுக் காவலரின் மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் தொங்கும் ஹெல்மெட். அதைத் தாண்டி, குகையின் விளிம்புக் கல்லில், ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பு.

பார்த்தாள். எங்காவது கரையோரம் போயிருப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததாக அதற்குப் பிறகு ஆயிரம் முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மோட்டார் சைக்கிள் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. தேட வந்தவர்களில் ஒருவர், மதகுக் குகைக்குள் போயிருப்பாரோ என்று கேட்டார். பதில் சொன்னது அவள்தான். "பதினோரு நாளா மதகு திறந்துதான் இருக்கு. தண்ணி ஓடும்போது உள்ள எப்படிப் போக முடியும்?" பதிவேட்டை விரித்தும் காட்டினாள். யாரும் உள்ளே தேடவில்லை.

மாலை வீடு திரும்பியபோதும் மழை விடவில்லை. அணைக்குடியிருப்பில் கடைசி வீடு அவர்களுடையது. கணவர் பள்ளிக்கூட விடைத்தாள்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அவள் சமையலறைக் குழாயைத் திறந்து கை கழுவத் தொடங்கினாள். சோப்பு போட்டாள். கழுவினாள். மறுபடி சோப்பு போட்டாள்.

"கை தேஞ்சு போயிடும்மா," என்றார் கணவர், தலை நிமிராமல்.

குழாயை மூடினாள். சுவருக்குள் ஓடும் பைப்பிலிருந்து சத்தம் வந்தது. டங். டங். டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

அவள் அசையாமல் நின்றாள்.

"பைப்புல காத்து அடைச்சிருக்கு," என்றார் அவர். "நாளைக்கு ஆள் வரச்சொல்லணும்."

"உங்களுக்கும் கேக்குதாங்க?"

"ஏன், எனக்கென்ன காது செவிடா?"

அவருக்கும் கேட்டது என்பதில் ஆறுதல் இருக்க வேண்டும். இல்லை. இந்தக் குழாயில் வருவதும் அந்த ஆறுதான் என்று முதன்முறையாக நினைத்துப் பார்த்தாள். இந்த வீட்டில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், நகரத்தின் அத்தனை மாடிகளிலும், எவர் எந்தக் குழாயைத் திருகினாலும் ஆறு வருகிறது. ஆற்றில் இருந்ததும் வருகிறது. பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்த குடிநீரைப் பார்த்தாள். அடியில் சின்னதாக ஏதோ மின்னியது. பாத்திரத்தை அப்படியே கவிழ்த்தாள். அன்று அவள் தண்ணீரே குடிக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலக வராந்தாவில் ஆற்றுக் காவலரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல் வேலை செய்கிறவள். மூன்று மாதத்தில் அவள் வருவது இது ஏழாவது தடவை. ஒவ்வொரு முறையும் ஏதாவது சேதி உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இந்தத் தடவை மடியில் ஒரு நோட்டு இருந்தது. அதோடு உதவிப் பொறியாளரின் பின்னாலேயே அறைக்குள் வந்தாள்.

"இது அவரோடது மேடம். பழைய பெட்டியில இருந்துச்சு. நேத்துதான் கண்ணுல பட்டுது. படிக்கட்டுமா?"

உதவிப் பொறியாளர் தலையசைத்தாள்.

அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைகள் படிப்பதுபோலப் படித்தாள். "பதினோராம் நாள். ஆறு முழுக்க வறண்டது. மடுவில் மீன் எல்லாம் செத்து மிதக்கிறது. தாய் நீர்நாய் நாலு குட்டியையும் மதகுக் குகைக்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அங்கேதான் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. நாளை உள்ளே போய் எடுத்துவர வேண்டும்." நோட்டை மூடினாள். "மதகு திறந்திருந்துச்சுன்னீங்க. தண்ணி ஓடிக்கிட்டிருந்தா அது எப்படி மேடம் குட்டிய உள்ள தூக்கிட்டுப் போகும்?"

மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உதவிப் பொறியாளர் இந்தப் பக்கம் நகர்த்தினாள். அந்தப் பக்கம் நகர்த்தினாள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். நாக்கின் நுனிவரை வந்தது.

"நாள் தப்பா எழுதியிருப்பார்."

"நாள் தப்பா எழுதற ஆள் இல்ல மேடம் அவர்."

"பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?"

அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. வாசல்வரை போனவள் திரும்பினாள். "அவருக்கு நல்லா நீச்சல் தெரியும் மேடம். லேசுல விடமாட்டார். எங்கயாவது எதையாவது பிடிச்சுக்கிட்டு இருப்பார். அதான் எனக்குத் தூக்கமே வரல."

அவள் மழையில் இறங்கிப் போனாள். உதவிப் பொறியாளர் வெகுநேரம் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்து பெரிய ஸ்பேனரை எடுத்தாள்.

கேலரி வாசலில் ஆபரேட்டர் கேட்டார், "ஸ்பேனர் எதுக்கு மேடம்?"

"ஒரு போல்ட் லூசா இருக்கு."

"நானும் வரட்டா?"

"வேணாம்ணே. நான் பாத்துக்கறேன்."

உள்ளே நுழைந்ததும் இரும்புக் கதவு அவள் பின்னால் தன் பாரத்தில் தானே சாத்திக்கொண்டது. மழையின் சத்தம் அறுந்துபோனது. கால்வாயில் ஓடும் மெல்லிய நீரின் சலசலப்பு, சொட்டுகள், அவள் பூட்ஸ் காலின் ஓசை சுவரில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பிவருவது, மேலே தேங்கி நிற்கும் ஆற்றின் பாரம் கான்கிரீட்டை அழுத்த அழுத்த எங்கோ ஆழத்தில் எழும் ஒரு முனகல், இவை எல்லாம் அவளுக்குப் பழகியவைதான். பழகாத ஒன்றும் அவற்றோடு கேட்டது. விசில்போல, ஆனால் விசில் இல்லை. குஞ்சுகள் தாயைத் தேடுவதுபோல, கீச்சென்று, மெலிதாக, ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று.

ஐந்தாம் துளை. ஆறாம் துளை. தரையில் ஈரத் தடங்கள் இருந்தன. ரூபாய் நாணயம் அளவுப் பாதங்கள், விரல்களுக்கு நடுவே சவ்வு. ஒவ்வொரு துளையின் அடியிலிருந்தும் அவை தொடங்கின. எல்லாமே ஒரே திசையில் போயின. அவள் போகும் திசையில்.

ஒன்பதாம் துளையைத் தாண்டியபோது சத்தம் வந்தது.

டங். டங். டங்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தச் சத்தத்தை அவள் நேற்றுத்தான் முதலில் கேட்டாளா? இல்லை. இனித் தன்னிடமே பொய் சொல்லித் தப்ப முடியாது. மதகைத் திறந்த அன்றே கேட்டாள். ஆய்வுக்குழு மேலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இவள் அளவெடுக்க உள்ளே வந்தாள். மூடியின் கீழே தண்ணீர் பேரிரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. யார் கத்தினாலும் கேட்காது. ஆனால் இரும்பில் கல்லால் தட்டினால் கேட்கும். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. தண்ணீர் அப்படி எண்ணி எண்ணித் தட்டாது.

மதகை மூடியிருந்தால் போதும். மூடினால், ஏன் மூடினாய் என்று கேட்பார்கள்.

தண்ணீர் இரும்பில் மோதுகிறது என்று சொல்லிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் வந்தாள். தட்டல் மெதுவாக இருந்தது. அதற்கு மறுநாள் ஒரே ஒரு தட்டு. நெடுநேரம் நின்று கேட்டாள். ஒன்றே ஒன்றுதான்.

நான்காம் நாள் சத்தம் இல்லை. அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கொடுமை. நிம்மதியாக இருந்தது.

பதின்மூன்று. பதினான்கு.

விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. ஈரத் தடங்கள் மூடியைச் சுற்றி வட்டமாக நின்றுபோயிருந்தன. கீச்சொலி நின்றுவிட்டது. அவள் முழந்தாளிட்டாள். மூடியின் துளைகளிலிருந்து குளிர் எழுந்தது.

"சார்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான்தான் சார். மதகு மூடித்தான் இருந்துச்சு. உங்க செருப்பப் பாத்தேன். பாத்துட்டுத்தான் திறந்தேன். நீங்க தட்டினதும் கேட்டுச்சு."

சொல்லியாகிவிட்டது. மூன்று மாதத்தில் முதன்முறையாக. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் அல்ல. ஒரு மூடியிடம்.

கீழே எதுவும் அசையவில்லை.

முதல் போல்ட். துரு பிடித்திருந்தது. இரண்டாவது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. மூன்றாவது. நான்காவதில் அவள் ஸ்பேனரைப் பொருத்துவதற்குள் அது தானாகவே சுழன்று கழன்றது. கீழிருந்து.

எழுந்து ஓடியிருக்கலாம். கதவு இருநூறு அடிதான். ஓடவில்லை. ஒருமுறை விட்டுவிட்டுப் போனவள்தானே.

மூடியை இழுத்தாள். அது கல்லில் உரசி நகர்ந்தது. டார்ச்சைக் குழிக்குள் காட்டினாள்.

மேல்படியில் இருந்தார்.

ஒரு கை ஏணிக் கம்பியைச் சுற்றியிருந்தது. சுற்றியிருந்ததா, கம்பியோடு ஒட்டி வளர்ந்திருந்ததா தெரியவில்லை. சட்டை அதே காக்கிச் சட்டை. தண்ணீர் சொட்டியது. முகம் வெளுத்து, ஊறி, ஆற்றுக் கல்போல வழவழப்பாகியிருந்தது. கண்கள் மட்டும் அப்படியே. அவற்றில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது, போனில் கேட்ட அதே கெஞ்சல். சட்டைக்குள் ஏதோ நெளிந்தது. இன்னொரு கையை உள்ளே விட்டு அதை எடுத்தார். மேலே நீட்டினார்.

"குட்டி மேடம். பிடிங்க."

கண் திறக்காத நீர்நாய்க்குட்டி. உள்ளங்கையளவு. பனிக்கட்டிபோலச் சில்லிட்டிருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"இன்னொண்ணு."

வாங்கினாள். மடியில் விட்டாள். மூன்றாவது. நான்காவது. அவ்வளவுதான், நாலுதான் என்று நினைத்தாள், போனில் நாலு என்றுதான் சொல்லியிருந்தார். நிமிர்ந்தாள்.

அவர் கீழே குனிந்தார். அவர் கால்களுக்குக் கீழிருந்து எதையோ வாங்கி மேலே நீட்டினார். ஓடு வெடித்த ஆமைக்குஞ்சு. அடுத்து, இறகு முளைக்காத நாரைக்குஞ்சு. அடுத்து, செதில் உதிர்ந்த மீன், செவுள்கள் இன்னும் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. மறுபடி நீர்நாய். இந்த முறை தாய்.

எங்கோ கதவருகே கேலரித் தொலைபேசி மணியடித்தது. ஆபரேட்டராக இருக்கும். அடித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஒரு கைகூடக் காலியாக இல்லை.

நின்றுபோனது.

மடி நிறைந்துவிட்டது. தரை நிறைந்துகொண்டிருந்தது. எல்லாம் சில்லென்று, ஈரமாக, அவள் உடம்பின் சூட்டைத் தேடி நெருங்கி நெருங்கி ஒட்டிக்கொண்டன. நழுவிய டார்ச் குழியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. அதன் வெளிச்சம் அவரைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஒவ்வொரு படியிலும், படிக்குக் கீழ்ப்படியிலும், குழியின் சுவர் தெரியாமல், அடி தெரியாமல், நெருக்கியடித்துக்கொண்டு, திறந்து திறந்து மூடும் வாய்கள். எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு. எல்லாம் அவள் கைகளுக்காகக் காத்துக்கொண்டு.

அவர் மறுபடி குனிந்தார்.

"பிடிங்க மேடம்," என்றார் பொறுமையாக. "இன்னும் இருக்கு."